கேமிலிருந்து கார்ட்டூன் தொடர்: கிண்ணியாப் பாதையை வைத்து நாங்கள் செய்து பார்த்த முறை

தம்பியும் நானும் சேர்ந்து போனில் ஆடுகிற ஒரு சின்ன கேம் செய்திருந்தோம். கிண்ணியாப் பாதையில் வான், லொறி, மாடு, மீன்பெட்டி, ஆட்கள் எல்லாவற்றையும் இடம் பார்த்து ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் சரியும். சரியாமல் அக்கரை சேர்த்தால் அடுத்த கட்டம். மொத்தம் முப்பது கட்டங்கள். தம்பி கோடோ என்ஜினில் புரோகிராம் எழுதினான், படங்களை நான் கீறினேன்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டு மட்டுமில்லை. களப்பையும் ஆற்றையும் கடக்க வாகனங்களை ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கும் அதே பெயர்தான். 2009 இல் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கும்வரை திருகோணமலையிலிருந்து தரைவழியாகக் கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் ஏறிப் போனார்கள். எங்கள் அப்பாவுக்குக் கிண்ணியா தாண்டி மூதூரில் வேலை. பள்ளிக்கூட விடுமுறைக்கு அவரோடு போகும்போது நான் அதன் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேம் அங்கிருந்து வந்தது.

பிறகு அந்த கேமை நான்கு நிமிடப் பாகங்கள் ஐந்து கொண்ட அனிமேஷன் தொடராக மாற்றினோம். உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருட வேலை. அதில் எட்டு மாதத்தை, எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாமலே செலவழித்தோம். அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உரிமையைப் பேசி முடித்துவிட்டுப் பென்சிலைத் தொடுங்கள்

வேறொருவர் செய்த கேம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். பெரிய நிறுவனங்களில் சில, காசு வாங்காமல் செய்யும் ரசிகர் ஆக்கங்களை நிபந்தனைகளோடு விடுகின்றன. அந்த நிபந்தனைகளை வரி வரியாக வாசியுங்கள். வாசித்த பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த கேமை விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் உழைத்ததை ஒரே நாளில் இறக்கச் சொன்னால் தாங்க முடியாது.

சொந்த கேம் என்றாலும் கதைத்து வையுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 வருடங்களுக்கும் இருக்கும். எங்கள் கேமுக்கு இசை போட்டது மச்சாள். கேமுக்கென்று தந்த இசையைத் தொடருக்கும் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு ஆள்தானே என்று நினைத்துவிட்டேன். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நியாயம் அவர் பக்கம். ஒற்றைத் தாளில் யார் எதைச் செய்தார், எதற்குப் பயன்படுத்தலாம், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

விரல் என்ன செய்கிறது?

கேமைத் தொடராக்க நினைக்கிற எல்லோரும் முதலில் கதையைத்தான் தேடுகிறார்கள். நாங்களும் தேடினோம். எங்கள் கேமில் கதை இல்லை. அதனால் ஒரு கதையைக் கட்டி ஒட்டினோம்: துறைமுகத்தில் புதைந்த புதையல், ஒரு கள்ளக்கூட்டம், அதைத் துரத்தும் பெடியன். திருகோணமலையின் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, கோட்டையில் திரியும் மான்கள் எல்லாம் அதில் வந்தன. வாசித்துப் பார்த்த தம்பி கேட்டான், "அக்கா, இதுக்கு எங்கட கேம் எதுக்கு?"

அவன் கேட்டது சரி. எங்கள் கேமை எடுத்துவிட்டாலும் அந்தக் கதை அப்படியே ஓடும். அப்படியென்றால் அது தழுவல் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கேமை வேறு மூன்று பேரிடம் கொடுத்து ஆடவிடுங்கள். திரையைப் பார்க்காமல் ஆடுகிறவரின் கையையும் முகத்தையும் பாருங்கள். அவர்களின் விரல் திரும்பத் திரும்பச் செய்வதை வினைச்சொற்களாக ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் வந்தவை: நகர்த்து, நிறுத்து, பொறு, திரும்ப எடு, பொறு, விடு. "பொறு" என்பது இரண்டு முறை இருந்ததைப் பார்த்தபோதுதான் எங்கள் கேம் எதைப் பற்றியது என்று எனக்கே விளங்கியது. ஆடுகிறவர்கள் ஒரு வாகனத்தை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு சரிவுமானியைப் பார்க்கிறார்கள். கேம் முழுக்க அந்த இரண்டு விநாடிக் காத்திருப்புத்தான். தொடரிலும் அது இருந்தால்தான் அது எங்கள் கேமின் தொடர்.

உங்கள் கேமில் அது ஓடுவதாக இருக்கலாம், ஒளிவதாக இருக்கலாம், சேர்த்து வைப்பதாக இருக்கலாம். வினைச்சொல் கிடைத்த பிறகு, "இதைத் தினமும் செய்தாக வேண்டிய ஆள் யார்?" என்று கேளுங்கள். பாதையில் பாரம் பார்த்து வாகனங்களை நிறுத்துகிறவர் ஒருவர் இருப்பார். எங்கள் கதாநாயகன் அவருடைய பன்னிரண்டு வயது மகன். முஸ்லிம் குடும்பம், அப்பாவை வாப்பா என்பார்கள். வாப்பா தீர்மானிக்கிறார், மகனுக்குத் தானும் தீர்மானிக்க வேண்டும் என்று ஆசை. தூரத்தில் பாலத்தின் தூண்கள் எழும்புகின்றன. பெடியன் தொழிலைக் கற்று முடிக்கும்போது தொழிலே இருக்காது. ஐந்து பாகத்துக்கும் இது போதுமானதாக இருந்தது.

மற்றவர்கள் எப்படி எடுத்தார்கள்

பெரிய தொடர்களைப் பார்த்தால் பிரமித்துவிடாமல், கேமிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009 இல் வந்த கேம். ஐந்து பேர் ஐந்து பேராக மோதி எதிரணியின் தளத்தை உடைப்பது ஆட்டம். அதிலிருந்து வந்த ஆர்கேன் 2021 இல் ஒன்பது பாகங்களாக வெளியானது. பாரிஸிலுள்ள ஃபோர்டிஷ் ஸ்டூடியோ செய்தது. அந்த ஒன்பது பாகத்திலும் ஒரு மாட்ச்கூட இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களிலிருந்து வை, ஜின்க்ஸ் என்ற இரண்டு பேரைச் சகோதரிகளாக முன்னே கொண்டுவந்து, அவர்களைச் சுற்றி மற்றவர்களை நிறுத்தினார்கள்.

சைபர்பங்க் 2077 கேம் வந்தது 2020 இல். இரண்டு வருடத்தில் ஜப்பானின் ட்ரிகர் ஸ்டூடியோ அதைப் பத்துப் பாகத் தொடராக்கியது. கேமின் கதாநாயகனைத் தொடவே இல்லை. அதே நகரம், அதே சட்டதிட்டங்கள், உடம்பில் இயந்திரம் பொருத்தப் பொருத்த மனிதனுக்கு என்ன ஆகும் என்ற அதே பயம். ஆனால் புதிய பெடியன். கேம் ஆடியவனுக்கும் முடிவு தெரியாது, ஆடாதவனுக்கும் தெரியாது. புதிதாக முயற்சி செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் வழி இதுதான்.

1989 இன் மூன்றாவது காசில்வேனியா கேமிலிருந்து 2017 இல் வந்த தொடர், ஆடக்கூடிய நான்கு பாத்திரங்களில் கிராண்ட் என்பவரை விட்டுவிட்டு மூன்று பேரோடு நடந்தது. முதல் சீசன் நான்கே பாகம். யாரை விடுவது என்ற துணிவு வேண்டும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். அப்புறம் போகிமான். 1996 கேமில் ஆடுகிறவர் தொடக்கத்தில் மூன்று உயிரினங்களில் ஒன்றைத் தெரிவு செய்வார். 1997 தொடரில் அந்த மூன்றையும் தள்ளிவைத்துப் பிகாச்சு என்ற வேறொன்றைப் பெடியனின் தோளில் ஏற்றினார்கள். அடுத்த வருடம் வந்த மஞ்சள் பதிப்பு கேமில் பிகாச்சுவே பின்னால் நடந்து வந்தது. தொடர் திரும்பிப் போய் கேமை மாற்றிவிட்டது.

திரை மூலையில் இருக்கும் பட்டை

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மெதுவாகச் சொல்கிறேன்.

கேமின் மூலைகளில் எப்போதும் ஏதாவது இருக்கும்: உயிர் எத்தனை, காசு எவ்வளவு, நேரம் எவ்வளவு. எங்கள் கேமில் மேலே ஒரு சரிவுமானி. பச்சை, மஞ்சள், சிவப்பு. தொடரில் அது இல்லாமல் போனால் பார்க்கிறவருக்கு எப்போது பயப்பட வேண்டும் என்று தெரியாது. அதை அப்படியே திரையில் போட்டால் யாரோ ஆடுகிற கேமைப் பக்கத்திலிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும். முதல் முயற்சியில் பாதையையே சரித்துக் கீறினேன். நன்றாக இல்லை. உண்மையில் பாதை கொஞ்சம் சரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதில் நிற்கிறவரின் காலுக்குத்தான் தெரியும்.

அந்த நாளில் பாதையில் வேலை செய்த ஒரு நானாவைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனோம். பழைய இறங்குதுறைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கதைத்தோம். "சரியுதா இல்லையா எண்டு எப்பிடி நானா தெரியும்?" என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை. முன்னால் இருந்த பிளேன் டீ கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தி மேசை விளிம்பில் வைத்தார். அந்த மேசையின் ஒரு கால் கட்டை. டீயின் மேல்விளிம்பு கிளாஸின் ஒரு பக்கத்தில் ஏறி, மறுபக்கத்தில் இறங்கி நின்றது. ஒரு நெல் அளவு வித்தியாசம். "பார்த்தியா மகள்," என்றார்.

அன்றிரவே அதைக் கீறினேன். வாப்பாவின் கையில் எப்போதும் ஒரு பிளேன் டீ கிளாஸ். அவர் அதைக் குடிப்பது அபூர்வம். ஒவ்வொரு வாகனம் ஏறும்போதும் பார்வை கிளாஸுக்குப் போகிறது. டீ நேராக இருந்தால் பச்சை. ஒரு பக்கம் ஏறினால் மஞ்சள். விளிம்பால் ஒரு சொட்டு வழிந்து பெருவிரலில் பட்டால் சிவப்பு. நிறம் எதுவும் போடவில்லை, எழுத்தும் போடவில்லை. கேமே ஆடாத எங்கள் அம்மா இரண்டாவது காட்சியிலேயே கிளாஸைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் கேமின் மூலையில் உள்ள ஒவ்வொன்றையும் இப்படி எடுத்து, அந்த உலகத்தில் இருக்கும் எந்தப் பொருள் அதே சேதியைச் சொல்லும் என்று தேடுங்கள். நேரம் ஓடுவதற்கு நாங்கள் எடுத்தது மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர். காசுக்கு எதுவும் கிடைக்கவில்லை. காசை விட்டுவிட்டோம்.

திரும்ப ஆட முடியாது

கேமில் தோற்றால் ஒரு பொத்தானைத் தட்டித் திரும்பத் தொடங்கலாம். தொடரில் நடந்தது நடந்ததுதான். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து முழுக் கதையையும் நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு இது வேறு விதமாகவும் வந்து நின்றது. நாங்கள் கேமைச் செய்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பரில், கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு முன்பு எங்கள் கேமில் பாதை சரிந்தால் தண்ணீர் தெறித்து ஒரு வேடிக்கைச் சத்தம் வரும். அடுத்த நாள் தம்பி யாரையும் கேட்காமல் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டான். இரண்டு மாதம் கேமைத் தொடவில்லை. பிறகு, சரியத் தொடங்கியதும் பாதை கரைக்குத் திரும்பிவிடுவது போல் மாற்றி எழுதினான். இப்போது எங்கள் கேமில் தோற்பது என்றால் கரைக்குத் திரும்புவது.

தொடரில் பாதை ஒருபோதும் கவிழக்கூடாது என்று அன்றே முடிவு செய்தோம். பயத்தைக் காட்டலாம், அந்தப் பிள்ளைகளின் வீட்டார் எங்கள் படத்தைப் பார்க்க நேர்ந்தால் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்கும்படி காட்ட வேண்டும். ஐந்து பாகத்தில் ஒரே ஒரு தடவை, நான்காம் பாகத்தில், டீ வழிகிறது. ஒரே தடவை என்பதால் அது போதுமாக இருந்தது. உங்கள் கேமில் கதாநாயகன் நூறு தடவை செத்து எழும்பலாம். தொடருக்கு அந்த நூறில் எந்த ஒன்று நடக்கும், அல்லது எதுவுமே நடக்காமல் தப்பும் என்று முதலிலேயே தீர்மானித்து எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கேமில் இடத்தின் வரலாறு தேவைப்படாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சதுரமும் வட்டமும்தான். தொடரில் மனித உயரத்திலிருந்து பார்க்கிறோம், ஆகவே 2009க்கு முந்தைய இறங்குதுறையில் போர்க்காலச் சோதனைக்கு அடையாள அட்டையோடு இறங்கி நடந்த வரிசையும் கண்ணில் பட்டாக வேண்டும். நாங்கள் அதை முதல் பாகத்தின் பின்னணியில் கீறினோம். யாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முப்பது கட்டம், ஐந்து பாகம்

ஒரு கட்டத்துக்கு ஒரு பாகம் என்று போகாதீர்கள். கேமில் கட்டங்கள் கடினமாகிக்கொண்டே போகும், ஆள் மாறமாட்டார். தொடரில் ஆள் மாற வேண்டும்.

முப்பது கட்டத்தையும் சின்ன அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பினோம். ஒவ்வொன்றிலும் புதிதாக என்ன ஏறுகிறது என்று பார்த்தோம். பன்னிரண்டாம் கட்டத்தில் முதல் தடவை மாடு வரும். அது வைத்த இடத்தில் நிற்காது. பத்தொன்பதில் கலியாண வான். அதில் இருப்பவர்கள் இறங்கி ஏறுவார்கள். இருபத்தாறில் இரவு. இந்த மூன்றும் பாகங்களாயின. முதல் பாகம் பெடியன் வேலைக்கு வருவது, கடைசிப் பாகம் பாதையின் கடைசி நாட்களில் ஒன்று. மிச்சம் இருபத்தேழு அட்டையையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். கண்ணில் பட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வரும்.

பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமில் அந்தப் பெடியனுக்குப் பெயர் இல்லை, தேவையும் இல்லை. தொடரில் ஒருவர் அவனைக் கூப்பிட்டதும் பெயர் வேண்டும். கூப்பிடுகிறவருக்கு ஏற்றபடி அது மாறவும் வேண்டும். பயணிகள் "தம்பி" என்பார்கள், வாப்பா "மகன்" என்பார், லொறிக்காரர் "டேய் பெடியா" என்பார். மூன்றையும் வைத்துக்கொண்டோம். ஐந்தாம் பாகத்தில்தான் ஒருவர் அவனுடைய பேரைக் கேட்கிறார்.

கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

அனிமேஷன் வழக்கமாக விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். கீறிய ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 படம் கீற வேண்டும். நான்கு நிமிடம் என்பது 240 விநாடி; ஆக ஒரு பாகத்துக்கு 2,880 படம், அதுவும் ஒரே ஒரு ஆள் அசைந்தால். ஐந்து பாகத்துக்கு 14,400. இரண்டு பேரால் முடியாது. ஆகவே எது அசையும், எது அசையாது என்று காட்சிக்குக் காட்சி முடிவு செய்யுங்கள். எங்கள் முறை: கதைக்கும்போது வாயும் ஒரு கையும் மட்டும். காத்திருக்கும்போது எல்லோரும் அசையாமல் நிற்க, டீ மட்டும் அசையும். களப்புத் தண்ணீருக்கு எட்டுப் படம், ஒவ்வொன்றும் மூன்று ஃபிரேம். 24 ஃபிரேமில் ஒரு சுற்று முடிந்து திரும்பத் தொடங்கும். அந்த எட்டை ஐந்து பாகத்திலும் பயன்படுத்தினோம். இப்படிச் செய்ததில் முதல் பாகம் ஏறத்தாழ அறுநூறு படத்தில் முடிந்தது.

கேமின் படங்களை அப்படியே எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வான் மேலிருந்து பார்த்த வான். கூரை மட்டும்தான் உண்டு. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும். நிறங்களை மட்டும் எடுங்கள். கேமில் இருந்த பதினாறு நிறங்களைத்தான் தொடரிலும் வைத்தோம். கேம் ஆடியவர்கள் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்தார்கள். சத்தத்தையும் எடுங்கள். பாரம் ஏறும்போது வரும் மரக் கிறீச்சு கேமில் இருந்த அதே சத்தம்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. கீறுவதற்குக் கிரிட்டா, அசைப்பதற்கு பிளெண்டரின் கிரீஸ் பென்சில், ஒலிக்கு ஓடாசிட்டி, வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 2025 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் ஃப்ளோ முழுக்க பிளெண்டரில் செய்யப்பட்டது. கருவி எங்களிடம் இருக்கிறது. கரண்ட் போகும் ஊரில் இருக்கிறவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அசைப்பதற்கு முன் அனிமேட்டிக்

காட்சிக்குக் காட்சி கீறி வைக்கும் ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக் கணக்கோடு வரிசையாக வைத்து, உங்கள் சொந்தக் குரலிலேயே வசனம் பேசி ஓடவிடுவதுதான் அனிமேட்டிக். அவசரக் கோடுகள் போதும். ஒரு பாகத்துக்கு எங்களுக்கு ஏறத்தாழ எழுபது படம் வந்தது. இதை இரண்டு வகை ஆட்களுக்குக் காட்டுங்கள்: கேமை ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும். ஒரே அறையில் சேர்த்துக் காட்டக் கூடாது. ஆடியவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஆடாதவர் எங்கே போனைப் பார்க்கிறார் என்று நேரத்தைக் குறியுங்கள். எங்கள் இரண்டாம் பாகத்தில் ஒரு நிமிடம் இருபது விநாடியில் நான்கு பேரில் மூன்று பேர் போனை எடுத்தார்கள். அந்த இடத்தில் பெடியன் பாரக் கணக்கை வாயால் விளக்கிக்கொண்டிருந்தான். கேமில் முதல் கட்டத்தில் வரும் பயிற்சிக் குறிப்பு அப்படியே வசனமாக வந்திருந்தது. முழுவதையும் வெட்டினோம். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

குரல்

எழுதும்போது அந்தப் பெடியன் "அப்பா" என்றுதான் கூப்பிட்டான். எங்கள் வீட்டுச் சொல் தானாக வந்துவிட்டது. வசனத்தைத் தேத்தண்ணிக் கடை நானாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் இடையில் நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, "பிள்ளை வாப்பா எண்டுதானே கூப்பிடுவான்," என்றார். அவ்வளவுதான். வசனம் முழுவதையும் அவரோடு உட்கார்ந்து திருத்தினோம். உம்மா, லாத்தா, நானா எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. அக்கரையில் ஏறும் சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கதைப்பது வேறு மாதிரி, அதையும் அப்படியே வைத்தோம். பொதுத் தமிழ் பேசவைத்தால் எல்லோருக்கும் விளங்கும் என்று ஒருவர் புத்தி சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே பாதையில் நான்கு வித தமிழ் ஏறி இறங்கியதுதான் அந்த இடம்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ எடுக்கவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து, அம்மாவின் சேலைகள் தொங்கும் பக்கமாக மைக்கை வைத்து, பின்னால் மெத்தையை நிமிர்த்தினோம். விசிறியும் ஃபிரிட்ஜும் நிறுத்தம். பகலில் காகம், மாலையில் கோயில் மணி, ஆகவே இரவு பத்துக்குப் பிறகு. பிள்ளைகளின் குரலுக்கு உண்மையான பிள்ளைகளையே எடுங்கள்; பெரியவர்கள் குரலைச் சிறிதாக்கிப் பேசினால் உடனே தெரியும். எங்கள் பெடியனுக்குக் குரல் கொடுத்தவனுக்குப் பத்துமணிக்குத் தூக்கம் வந்துவிடும் என்பதால் அவனுக்கு மட்டும் விடிகாலை ஐந்து மணி, சேவல் கூவுவதற்கு முன். அவன் குரல் உடையும் வயதுக்குக் கிட்ட இருந்தான். ஐந்து பாகத்தின் குரலையும் ஒரே மாதத்தில் பதிந்து முடித்தோம். அதைச் செய்யாமல் பாகம் பாகமாகப் பதிந்திருந்தால் கடைசிப் பாகத்தில் வேறு ஆளாக ஒலித்திருப்பான்.

வெளியிடும் ஒழுங்கு

கடைசிப் பாகத்தின் அனிமேட்டிக் முடியும்வரை முதல் பாகத்தை வெளியிடாதீர்கள். எங்கள் முதல் பாகத்தில் வாப்பா கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். ஐந்தாம் பாகத்தில் அவர் அதை மகனிடம் நீட்ட வேண்டும். மகன் நிற்கும் பக்கம் வலது. கையை மாற்ற ஒரு காட்சியும் இல்லை, மாற்றினால் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த டீ அசைந்துவிடும். முதல் பாகம் அப்போது வெளியே போகாமல் இருந்தது பெரிய நிம்மதி. நாற்பத்திரண்டு படங்களைத் திரும்பக் கீறி, கிளாஸை வலது கைக்கு மாற்றிவிட்டுத்தான் வெளியிட்டோம்.